நீர் உறைதற்கும் ஓர் உறைவிடம் வேண்டும்

பழைய மாணவர் சங்கத்தார் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பணிக்குங்கால், தமிழாசிரியரிடத்து இலக்கியச் சுவை பற்றிய கட்டுரையையே எதிர்பார்த்தல் இயல்பு. யான் எடுத்துக்கொண்ட பொருளோ பனிக்கட்டி. பனிக்கட்டியைக் குளிர்சாதனப் பெட்டியிலும் குளிர்பானக் கடையிலுமன்றிப் பிறிதோரிடத்துங் காணாத உரும்பிராயார்க்கு இதனால் ஆவதென்ன என்றும், தமிழ் படிப்பிப்போர்க்கு இதில் என்ன உரிமை என்றும் அன்பர் சிலர் வினவுதல் கூடும். இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாணவர் சிறுவகுப்பிலேயே மனனஞ் செய்யும் வாக்கியம் ஒன்றுண்டு: “நீர் 0 பாகையில் உறையும்.” இவ்வாக்கியம் பொய்யன்று, ஆயின் முழு உண்மையும் அன்று. 0 பாகை செல்சியசில் தவறாது நிகழ்வது பனிக்கட்டி உருகுதலே. நீர் உறைதலோ அவ்வாறு தவறாது நிகழ்வதன்று. குளிர் மட்டும் போதாது. மூலக்கூறுகள் ஒழுங்காக வந்து அமர்தற்கு ஏற்ற ஒரு தளமும் வேண்டும். வாக்கியத்தின் முற்பாதியைக் கற்பித்துப் பிற்பாதியை நாம் விட்டுவிடுகின்றோம். விடப்பட்ட அப்பாதியே வானத்து மழைக்கும், மழையை நம்பியிருக்கும் நம் கிணறுகளுக்கும் உரியது என்பது என் கருத்து.

இவ்வுண்மை புதியதன்று. வெப்பமானியால் பெயர்பெற்ற பரனைற்று என்னும் அறிஞர், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த நீர் உறையாது நீராகவே நிற்றலையும், பின் சிறிது அசைத்தவளவில் அது பனிக்கட்டியாதலையும் கண்டு 1724இல் எழுதி வெளியிட்டார். அத்தகைய நீரை மீக்குளிர் நீர் என்கிறோம். தூசியும் அழுக்கும் சிறிதும் கலவாத மிக நுண்ணிய நீர்த்துளிகள் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 38 பாகை வரையும் உறையாது நிற்க வல்லன என்று பிற்கால ஆய்வுகள் நிறுவியுள்ளன. குளத்து நீரும் குழாய் நீரும் அவ்வளவு தூரம் காத்திராமைக்குக் காரணம் அவற்றுட் கலந்துள்ள தூசித்துணுக்குகளும் கலத்தின் சுவருமேயாம்.

நீர் ஏன் இவ்வாறு தயங்குகின்றது? நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஓர் ஒட்சிசன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களுங் கொண்டது. திரவ நிலையில் அம்மூலக்கூறுகள் அயலிலுள்ளவற்றோடு பிணைவதும் பிரிவதும் மீண்டும் பிணைவதுமாய்க் கணந்தோறும் இடம்மாறி நிற்பன. பனிக்கட்டியிலோ அவை அறுகோண ஒழுங்கில் அணிவகுத்து நிற்றல் வேண்டும். குளிர்ந்த நீரினுள்ளே சில மூலக்கூறுகள் தற்செயலாக அவ்வணியில் நின்றாலும், அச்சிறு கூட்டத்துக்கு உட்புறத்தால் வரும் உறுதியினும் வெளிப்புறத்தால் வரும் இழப்பே மிகுதியாதலின் அது நிலைபெறாது கலைந்துவிடும். பிறிதொரு திண்மப் பொருளின் பரப்பு அக்கூட்டத்தின் ஒரு பக்கத்தைத் தாங்கிக்கொள்ளுமேல், கூட்டம் கலையாது வளர்ந்து பனிக்கட்டியாகும். அவ்வாறு தாங்கும் துணுக்கை உறைகரு என்று வழங்கலாம்.

இனித் தமிழாசிரியரின் உரிமையைக் கூறுகின்றேன். “உறைதல்” என்னும் நம் சொல்லுக்கு இறுகுதல் என்றும் தங்குதல் என்றும் இரு பொருளுண்டு. உறையுள், உறைவிடம் என்னுஞ் சொற்கள் இரண்டாம் பொருளிற் பிறந்தவை. இவ்விரு பொருளும் ஒரு வேரினவோ அல்லவோ என்னும் ஆராய்ச்சியுட் புக யான் விரும்பவில்லை. மாணவர்க்கு விளங்கவைக்கும் பொருட்டு இவ்விரண்டையும் ஒருங்கு நிறுத்திக் காட்டுதல் தகும்: நீர் உறைதற்கும் ஓர் உறைவிடம் வேண்டும். இன்னும் அணித்தாக ஓர் உவமை அடுக்களையிலேயே உளது. காய்ச்சி ஆறவைத்த பாலுக்கு உறைமோர் ஊற்றினாலன்றி அது நல்ல தயிராகாது என்பதை நம் வீட்டுப் பெண்பாலார் யாரும் அறிவர். நீருக்கும் ஓர் உறைமோர் வேண்டும், அதுவே உறைகரு. உவமைக்கு எல்லையுமுண்டு. பாலை உறையச் செய்வன உயிருள்ள நுண்கிருமிகள். அவை பாலையே மாற்றிவிடுவன. நீரை உறையச் செய்யும் தூசியோ நீரின் இயல்பை மாற்றுவதில்லை, அமரும் இடத்தை மட்டும் கொடுக்கின்றது. உவமையைக் கூறி அதன் எல்லையையுங் கூறுதலே நல்லாசிரியர் கடன்.

எவ்வகைத் தளத்தை நீர் விரும்பும் என்னும் வினாவுக்கு விடைதேடியவருள் அமெரிக்காவின் செனக்டடி நகரில் ஆய்வு நிகழ்த்திய மூவரைக் குறிப்பிடுதல் வேண்டும். வின்சென்று செபர் என்பார் 1946ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், குளிர்பெட்டியொன்றினுள் தம் மூச்சினால் உண்டாகிய மீக்குளிர் முகிலிலே உலர்பனித் துண்டொன்றை இட்டபோது, முகில் முழுதும் கணத்தில் நுண்பனிப் பளிங்குகளாய் மின்னக் கண்டார். அவ்வாய்வுக்கு வழிகாட்டியாய் நின்றவர் நோபெல் பரிசு பெற்ற இலாங்மூயர். அங்கேயே பணிபுரிந்த பேணாட்டு வொனகட்டு என்பார், கடுங்குளிர் ஊட்டுவதை விடுத்து, பனிக்கட்டியை ஒத்த பளிங்கு அமைப்புடைய பொருளொன்று இருக்குமாயின் அதனையே உறைகருவாக்கலாமே என்று எண்ணி, பளிங்கு அட்டவணைகளைப் புரட்டி வெள்ளி அயடைட்டைத் தெரிந்தெடுத்தார். அதன் பளிங்கும் அறுகோண ஒழுங்குடையது. அதன் அணுக்களிடைத் தூரம் பனிக்கட்டியின் தூரத்தினின்றும் நூற்றுக்கு இரண்டுக்குங் குறைவாகவே வேறுபடும். 1946 கார்த்திகையில் அவர் செய்த பரிசோதனை வெற்றிபெற்றது. வெள்ளி அயடைட்டுத் துணுக்குகள் பூச்சியத்துக்குக் கீழ் 5 பாகையளவிலேயே நீரை உறையச் செய்யத் தொடங்கின.

பூட்டுக்கேற்ற திறவுகோல்போல் அளவு பொருந்தினால் நீர் உறையும் என்று அதன்பின் பலரும் நம்பினர். ஆயின் இயற்கை அத்துணை எளிதன்று. பேரியம் புளோரைட்டு என்னும் பொருளின் பளிங்கு பனிக்கட்டியோடு நன்கு பொருந்துமென்று எதிர்பார்க்கப்பட்டும், உறைகருவாய்ப் பயன்படுந் திறம் அதற்கு மிகக் குறைவே என்று கண்டனர். அணு அணுவாகப் பரப்பை நோக்கவல்ல கருவிகள் தோன்றிய பின்னரே காரணம் விளங்கலாயிற்று. 2025இல் வியன்னா நகர ஆய்வாளர் வெளியிட்ட முடிபு ஒன்று கருதத்தக்கது. வெள்ளி அயடைட்டுப் பளிங்கைப் பிளந்தால் ஒருபுறம் வெள்ளி அணுக்களும் மறுபுறம் அயடீன் அணுக்களும் வெளிப்படும். பளிங்கின் உள்ளே இரு புறத்துக்கும் அமைப்பு ஒன்றே. ஆயினும் வெளிப்பட்ட அணுக்கள் தம்மைத் தாமே மாற்றியமைத்துக்கொள்ளும்போது, வெள்ளிப்புறம் அறுகோண ஒழுங்கைக் காத்துக்கொள்கின்றது. அயடீன்புறம் அதனை இழந்துவிடுகின்றது. ஆதலின் வெள்ளிப்புறத்திலே நீர் அணிவகுத்துப் பனிக்கட்டியாகின்றது, அயடீன்புறத்தில் அவ்வாறாகவில்லை. பளிங்கின் உள்ளமைப்பினும், நீரை எதிர்கொள்ளும் மேற்றளமே முடிவுசெய்வது என்பது இதனாற் பெறப்படும்.

இயற்கையில் வானத்தே திரிவது வெள்ளி அயடைட்டன்று. மண்ணும் கனியத் தூசியுமே. பாலைநிலங்களினின்றும் காற்றால் எழுப்பப்படும் தூசியிற் களிமண் வகைகளே மிகுதி. ஆதலின் அவையே முதன்மையான உறைகருக்கள் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2013இல் இங்கிலாந்தின் இலீட்சுப் பல்கலைக்கழகத்தார் தலைமையில் வெளிவந்த ஆய்வு, தூசியிற் சிறுபகுதியாகவே உள்ள பொற்றாசியம் பெல்சுபார் என்னுங் கனியமே அப்பணியிற் பெரும்பங்கு வகிக்கின்றதென்று காட்டியது. பெல்சுபார் என்பது கருங்கல்லிலே வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் தோன்றுங் கனியம். நம் குடாநாடு சுண்ணக்கல்லாலாயது. அச்சுண்ணக்கல்லின் கனியம் உறைகருவாதற்கு வலுக்குறைந்தது. வன்னிப் பெருநிலத்துப் பழம்பாறைகளிலோ பெல்சுபார் உண்டு. மாத்தளை மாவட்டத்தில் அதனை அகழ்ந்தெடுத்துப் பீங்கான் தொழிலுக்குப் பயன்படுத்துகின்றனர்.

பெல்சுபாரின் மேல் நீர் எங்ஙனம் அமர்கின்றது? 2017இல் வெளிவந்த செருமானிய ஆய்வொன்றில், பெல்சுபாரின் மேல் வளர்ந்த பனிப்பளிங்குகள் யாவும் ஒரே திசையை நோக்கி நின்றமையும், அவை சமதளத்தில் அன்றி நுண்ணிய வெடிப்புகளிலும் படிகளிலுமே முளைத்தமையும் காணப்பட்டன. வெடிப்புகளில் வெளிப்படும் மறைதளமே நீருக்கு ஏற்ற இருப்பிடமாயிற்று. அதன்பின் 2023இல் வியன்னாவிற் செய்த ஆய்வு, பெல்சுபாரை முதலில் அடையும் நீர் மூலக்கூறுகள் முழுதாய் அமராமற் பிளவுண்டு ஐதரொட்சிற் கூட்டங்களாய்ப் பரப்பிற் பிணைகின்றன என்றும், பின்வரும் நீர் அவற்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அமர்கின்றதென்றும் காட்டியது. அஃதாவது, கல்லின் மேல் நேரே பனிக்கட்டி அடுக்கப்படுவதில்லை. முதலில் வந்த நீர் கல்லை மாற்றித் தளம் அமைக்க, அடுத்து வந்த நீர் அத்தளத்தில் ஒழுங்குபெறுகின்றது. இத்துறையில் அறியவேண்டியன இன்னும் பல.

இவையெல்லாம் வடதேசத்துக் குளிர்நாட்டார்க்கே உரியன என்று எண்ணற்க. நம் தலைக்கு நேர்மேலே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பநிலை பூச்சியத்தை அடைந்துவிடுகின்றது. ஐப்பசி மாதத்தில் உரும்பிராய்த் தோட்டங்களின் மேலே கறுத்து எழும் இடிமேகம் அவ்வுயரத்தைத் தாண்டி 12 கிலோமீற்றருக்கு மேலும் வளர்வதுண்டு. அதன் நடுப்பகுதியில் மீக்குளிர் நீர்த்துளிகளும் உச்சியிற் பனிப்பளிங்குகளும் நிறைந்திருக்கும். அப்பளிங்குகளும் சிறு ஆலிகளும் ஒன்றோடொன்று மோதுதலாலேயே மின்னேற்றம் பிரிந்து மின்னலும் இடியும் உண்டாகின்றன என்பது இன்றைய அறிஞர் பெரும்பாலார் கொள்கை. எனவே, பலாலி வீதியில் நின்று இடியோசை கேட்கும் ஒருவர், தமக்கு மேலே பனிக்கட்டி உண்டென்பதற்குச் சான்றையே கேட்கின்றார். அப்பனியிற் பெரும்பகுதி விழும் வழியில் உருகி மழையாய் நம் முற்றத்தை நனைக்கின்றது. உருகாது வீழ்வதை நம் முன்னோர் ஆலி என்றும் ஆலங்கட்டி என்றும் பெயரிட்டழைத்தனர். வெப்பநாட்டு மொழியாகிய தமிழுக்கு இச்சொற்கள் பழமையானவை என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். நுவரெலியாவிற் பணிபுரிந்த நம் ஆசிரியர் பலர், தை மாசி மாதத்து விடியலில் தேயிலைக் கொழுந்தும் புற்றரையும் வெண்பனி போர்த்திருத்தலைக் கண்டிருப்பர். ஆகவே, பனி நமக்கு அயற்பொருளன்று.

எல்லா மழையும் பனிக்கட்டி வழியாகவே பிறப்பதன்று என்பதையும் உடன் கூறுதல் முறை. தாழ்ந்த மேகங்களில் நீர்த்துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெருத்தே மழையாவதும் உண்டு. இவ்வேறுபாட்டை அறியாமையால் வரும் கேடு யாதெனின், செயற்கை மழை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர் இருவகையாய்ப் பிரிந்துவிடுதலே. ஒரு சாரார் விஞ்ஞானம் விரும்பியவிடத்து மழையை வருவிக்கும் என்று நம்புகின்றனர். மறுசாரார் அஃதெல்லாம் வெறும் ஏமாற்று என்று எள்ளுகின்றனர். இரண்டும் அரைகுறைக் கல்வியின் விளைவே.

உண்மை நிகழ்ச்சிகளை நோக்குக. தமிழ்நாட்டரசு 1980களில் வறட்சி காரணமாக மேகத்தில் விதை தூவும் முயற்சிகளை மேற்கொண்டது. நம் நாட்டில் 2019 பங்குனி மாதத்தில், மின்னுற்பத்தி நீர்த்தேக்கங்கள் வற்றிய வேளை, தாய்லாந்து நிபுணரின் துணைகொண்டு விமானப்படை விமானத்தின் மூலம் மவுசாகலை நீர்த்தேக்கப் பகுதியில் அம்முயற்சி நிகழ்ந்தது. தாய்லாந்தார் 1969 முதற் பயின்றுவரும் முறை பெரும்பாலும் உப்புவகைகளைத் தூவித் துளிகளைப் பெருக்குவது. அது வெப்பமேகத்துக்கு உரியது. வெள்ளி அயடைட்டு முறையோ மீக்குளிர் நீருள்ள மேகத்துக்கே உரியது. 2017இல் அமெரிக்காவின் ஐடகோ மலைப்பகுதியில் விமானத்தினின்றும் வெள்ளி அயடைட்டைத் தூவியபோது, தூவிய கோட்டின் வழியே பனி உண்டாகி வீழ்ந்தமையை ராடார் தெளிவாய்க் காட்டிற்று. ஆகவே அஃது ஏமாற்றன்று. ஆயின் வெப்பநாட்டு இடிமேகங்களில் அதன் பயன் இவ்வளவென்று வரையறுத்தல் இன்றும் அரிதாகவே உள்ளது. எம்முறையாயினும், இருக்கும் மேகத்தை மழையாக்க உதவுமேயன்றி இல்லாத மேகத்தை உண்டாக்க மாட்டாது. பால் இல்லாத சட்டியில் உறைமோர் ஊற்றித் தயிர் பெற்றார் எவருமிலர்.

இது நமக்கு வாழ்வுப் பிரச்சினை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறொன்றுமில்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கும் மழைநீரே கிணற்று நீர். அந்நன்னீர் கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருத்தலை நம்மூர்ப் பிள்ளைகளும் அறிவர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலெழும். வடகீழ்ப் பருவமழையின் சில மாதத்து நீரே ஆண்டு முழுமைக்கும் நம் முதல். அதனைத் தங்கவைக்குங் குளங்களைத் தூர்த்துவிட்டு, வறட்சி வந்தபின் வானத்தை நோக்கி, விமானம் வருமா, விதை தூவுமா என்று காத்திருத்தல் அறிவுடைமையாகாது. மேகத்து நீருக்கு வேண்டிய தளத்தை இயற்கை ஒரு தூசியால் அளிக்கின்றது. நிலத்துக்கு வந்த நீருக்கு வேண்டிய தளத்தை நாம் அளித்தல் வேண்டும். ஊர்க்குளங்களைத் தூர்வாரிக் காக்கும் பணியில் பழைய மாணவர் முன்னிற்றல் தகும்.

“இவற்றையெல்லாம் கற்பித்தாற் பரீட்சையிற் புள்ளி கிடைக்குமா?” என்று கேட்பாருளர். கேள்வி நேர்மையானதே. வினாத்தாளுக்கு 0 பாகை என்னும் விடையே வேண்டப்படுமாயின் மாணவர் அதனை எழுதட்டும். ஆயின் வகுப்பறையில் ஒரே ஒரு வாக்கியத்தைக் கூட்டுதற்கு எந்தப் பரீட்சையுந் தடையன்று: “பனிக்கட்டி 0 பாகையில் உருகும், நீர் அதற்குக் கீழே தனக்கேற்ற தளம் கிட்டியவிடத்து உறையும்.” அவ்வொரு வாக்கியம் மாணவரை மனனத்தினின்றும் சிந்தனைக்குக் கொண்டுசெல்லும். “ஏற்ற தளம் எது?” என்னும் அடுத்த வினா அவர் வாயிலிருந்தே பிறக்கும்.

இனி, இவை ஆங்கிலத்திற் கற்கத்தக்கன, தமிழில் அடங்கா என்பாருமுளர். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவர் கிறீன் ஐயர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, “கெமிஸ்தம்” என்னும் இரசாயன நூலை 1875இல் தமிழில் வெளிவரச் செய்தார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுக்குள் நம் நாட்டு அரசகரும மொழித் திணைக்களத்தார் விஞ்ஞானச் சொற்றொகுதிகளைத் தமிழில் ஆக்கியளித்தனர். சொற்கள் நமக்கு இல்லாமலில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே மாணவர் ஏறிச்செல்லும் படி இல்லாமையே குறை. அப்படியைக் கட்டுதலில் விஞ்ஞான ஆசிரியரோடு தமிழாசிரியருங் கைகோத்தல் வேண்டும். உறைகரு என்னுஞ் சொல்லை அவர் எழுதட்டும். உறைமோர் என்னும் உவமையை நாம் உரைப்போம்.

இதனைச் செய்துகாட்டுதற்குப் பெருஞ்செலவும் வேண்டா. பனிக்கட்டித் தூளில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு உப்புக் கலந்தால், அக்கலவை பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகைக்கு மேலுங் குளிரும். தூய சோதனைக் குழாய்கள் சிலவற்றில், பற்றரிக்கு ஊற்றுங் காய்ச்சி வடித்த நீரைச் சமமாக விட்டு, பாதிக் குழாய்களில் நம் உரும்பிராய்ச் செம்மண்ணிற் சிட்டிகையளவு இடுக. எல்லாவற்றையும் அசையாது கலவையில் நிறுத்தி, ஒவ்வொன்றும் எவ்வெப்பநிலையில் உறைகின்றதென வெப்பமானியாற் குறித்துக்கொள்க. ஒருமுறை செய்து முடிபு கூறலாகாது; குழாயின் சுவரிலுள்ள அழுக்கும் உறைகருவாகலாமாதலின், பலமுறை செய்து எண்ணிக்கையை ஒப்பிடுக. மண்ணிட்ட நீர் முந்தியும் மண்ணில்லா நீர் பிந்தியும் உறைதலைப் பெரும்பாலுங் காணலாம். வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் விளைவித்த மண், வானத்து மழையின் மறைபொருளொன்றையும் அன்று மாணவர்க்கு உணர்த்திவிடும்.

கல்லூரிகள் விழாக் கொண்டாடுங்கால் மண்டபங்களும் வாயில்களும் எழுதல் வழக்கம். அவையும் வேண்டியனவே. ஆய்வுகூடத்துக்கு நல்ல வெப்பமானிகள் பத்தும், சோதனைக் குழாய்கள் நூறும், தமிழில் எழுதிய செய்முறை நூலொன்றும் அளிக்கப் பழைய மாணவர் சிலர் முன்வருவாராயின், அஃதும் மண்டபத்துக்கு ஒப்பான அறமேயாகும். பாடநூலின் பாதி வாக்கியத்தை முழு வாக்கியமாக்கும் பணி இவ்வூரிலேயே தொடங்குக.